ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள்

நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் "முதல்முதலாக எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கணிசமானவர்கள் ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் பெயரைச் சொல்வார்கள். ஓடு வேய்ந்த ஒற்றைக் கட்டடம். ஒரு மூலையில் ஒண்ணாங் கிளாஸ், எதிர் மூலையில் மூணாங் கிளாஸ், நடுவில் வாத்தியார் நாற்காலி. இரண்டு பேர் வேலை பார்த்தால் அது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் மட்டுமே என்றால் ஓராசிரியர் பள்ளி. அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் நகரத்தில் வாழும் நமக்குத் தோன்றும். ஆனால் மத்தியக் கல்வி அமைச்சகம் திரட்டிய 2024-25ஆம் கல்வியாண்டுக் கணக்கு வேறு சொல்கிறது. இந்தியாவில் ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல்.

இதற்கு அரசின் அலட்சியம் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. மலைக் கிராமத்திலும் காட்டோரக் குடியிருப்பிலும் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை பிள்ளைகள் கிடைப்பார்கள்? இருபது, முப்பது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. அந்த இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போனால், அல்லது பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ அழைக்கப்பட்டால் ஈராசிரியர் பள்ளி அன்றைக்கே ஓராசிரியர் பள்ளி ஆகிவிடும். பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் அது சிறியதாகத்தான் இருக்கும். சிறியதாக இருந்தால் பல வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆசிரியப் பயிற்சி நூல்கள் இதனைப் 'பல்வகுப்புக் கற்பித்தல்' என்று குறிப்பிடுகின்றன.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பாடம் நடத்தக் கிடைப்பது ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 300 நிமிடம். வகுப்புகள் ஐந்து, ஆளுக்கு 60 நிமிடம். ஒவ்வொரு வகுப்புக்கும் மொழி, ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடம். ஆக ஒரு வகுப்பின் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் தரக்கூடியது 15 நிமிடம். அதுவும் அவருக்குத் தொலைபேசி வராமல், சத்துணவுக் கணக்கு எழுத வேண்டியில்லாமல், யாரும் யாரையும் கிள்ளாமல் இருந்தால். மீதி நேரம் மற்ற நான்கு வகுப்பும் என்ன செய்யும்? பார்த்து எழுதும். வாய்ப்பாட்டைக் கத்தும். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு குழந்தையின் பள்ளி நாளில் ஐந்தில் நான்கு பங்கு காத்திருப்பதிலேயே போகிறது என்றால் நமக்குப் பதற வேண்டும். பெரிய பள்ளிகளைப் பார்த்துப் பழகிய அதிகாரிகள் பல காலம் இதற்குக் கண்ட ஒரே மருந்து இன்னும் ஓர் அறை, இன்னும் ஓர் ஆசிரியர் என்பதுதான். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றது. நல்ல திட்டம்தான், தேவையானதுதான். ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கிட்டால் 15 நிமிடம் 30 நிமிடம் ஆகும்; அவ்வளவே.

இதைவிடக் கடினமானது இன்னொன்று உண்டு. கிராமத்துப் பிள்ளை தினமும் பள்ளிக்கு வராது. நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் அம்மா கூலிக்குப் போவாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். அந்த அக்காவுக்கு வயது எட்டு. மூன்று வாரம் கழித்து அவள் வரும்போது வகுப்பு பதினைந்து பக்கம் தாண்டியிருக்கும். விட்டதைச் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரமில்லை, கேட்க அவளுக்குத் தைரியமில்லை. அப்புறம் அவள் கடைசி வரிசைக்குப் போவாள். கடைசி வரிசைக்கும் வாசலுக்கும் அதிக தூரமில்லை.

ஆக, பள்ளி சிறியதாக இருப்பதுதான் நோயா, அல்லது எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நோயா?

சற்றே வரலாற்றைப் பார்த்தால் வகுப்பு என்ற பிரிவே நம் பழைய திண்ணைப் பள்ளியில் கிடையாது என்பது தெரியும். விஜயதசமியன்று சேர்ந்த பிள்ளை மணலில் விரலால் எழுதும். கை பழகியபின் ஓலைக்குப் போகும். எண்சுவடியை மனப்பாடம் செய்யும். யார் எதுவரை வந்திருக்கிறாரோ அதற்கடுத்தது அவருக்குப் பாடம். முன்னே போனவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லித்தருவான். அவர்களுள் மூத்தவன் சட்டாம்பிள்ளை. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797இல் அவர் லண்டனில் இதனை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம்மவர்க்கு இது பெருமையான செய்திதான். ஆனால் பெல் கொண்டுபோனது சட்டாம்பிள்ளையை மட்டுமே. சிறு கூட்டத்தில் அவரவர் வேகத்தில் படிப்பது என்ற பாதியை அவர் எழும்பூரிலேயே விட்டுவிட்டார். அங்கே ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே குரலில் பயிற்சி நடந்தது. நம் திண்ணைப் பள்ளியிலும் குறை இல்லாமலில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே உட்கார முடியவில்லை, பெண்கள் அரிது, பிரம்பு தாராளம்.

அந்த விட்டுப்போன பாதி மீண்டும் துளிர்த்த இடங்களில் ஒன்று ரிஷிவேலி. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் உறைவிடப் பள்ளி இருக்கும் பள்ளத்தாக்கு அது. (தாகூர் 'ஜன கண மன'வுக்கு ஆங்கில வடிவம் தந்ததும் 1919இல் அதே மதனப்பள்ளியில்தான்.) மழை குறைந்த, நிலக்கடலையை நம்பிய பூமி. சுற்றிலும் உள்ள குக்கிராமங்களில் ரிஷிவேலியின் ஊரகக் கல்வி மையம் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்தியது. பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதியர் இப்பள்ளிகளுக்காக 1980களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கிய ஏற்பாடுதான் பின்னர் 'பெட்டிக்குள் பள்ளி' என்று புகழ்பெற்றது. எல்லை தாண்டி கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் டேவிட் ஹார்ஸ்பர்க் 1972இல் தொடங்கிய நீல்பாக் பள்ளியிலும் வயது வித்தியாசமின்றிப் பிள்ளைகள் கலந்தே படித்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தின் காற்றிலேயே இந்த எண்ணம் இருந்தது போலும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை அட்டைகள்தாம். பாடப் புத்தகத்தை அக்கக்காகப் பிரித்து ஒவ்வொரு சிறு துண்டையும் ஓர் அட்டையாக்கிவிட்டார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் தொங்கும் 'கற்றல் ஏணி' காட்டும். எழுத்து தெரியாத பிள்ளையும் தன் அட்டையை எடுக்க வேண்டுமே! அதற்காக ஒவ்வோர் அட்டையிலும் விலங்கோ பறவையோ ஒரு சின்னம், ஓர் எண். ஏணியில் சில படிகள் சேர்ந்தது ஒரு மைல்கல். அதற்குள் முதலில் அறிமுகம், அப்புறம் விளையாட்டும் பயிற்சியும், கடைசியில் மதிப்பீட்டு அட்டை. அதில் தேறினால் அடுத்த மைல்கல்; தடுமாறினால் குறைதீர்க்கும் அட்டைகள் தனியாக உண்டு. பரீட்சை என்ற பெயரோ, அதற்கென்று ஒரு நாளோ, வயிற்றைக் கலக்கும் அந்த முந்தின இரவோ கிடையாது.

பிள்ளை காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கும். ஏணியைப் பார்க்கும். நேற்று விட்ட படிக்கு அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். யாரோடு உட்கார வேண்டும் என்பதையும் அந்தச் சின்னமே சொல்லிவிடும். புதிதாக ஒன்றைக் கற்பவர்கள் ஆசிரியரைச் சுற்றி. ஓரளவு கற்றவர்கள் அவர் கண்பார்வையில். பயிற்சி செய்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக. தானே செய்யக்கூடியவர்கள் தனியாக. இப்படி இருபத்தைந்து பிள்ளைகளில் எந்த நேரத்திலும் ஆசிரியர் முழுமையாகத் தேவைப்படுவது ஐந்தாறு பேருக்குத்தான். மேலே போட்ட 15 நிமிடக் கணக்கு இங்கேதான் உடைகிறது. மூன்று வாரம் கழித்து வரும் அந்த எட்டு வயது அக்காவும் தான் விட்ட படியிலேயே கால் வைப்பாள். அவளுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், அவளும் யாரையும் துரத்த வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் நாலாம் வகுப்புப் படியிலும் மொழியில் இரண்டாம் வகுப்புப் படியிலும் நிற்கலாம். நிற்கட்டுமே!

அட்டையில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிர்நாடி. தமிழையே எடுத்துக்கொள்வோம். நாமெல்லாம் அ-அணில், ஆ-ஆடு என்று படித்தவர்கள். பிள்ளை படத்தைப் பார்த்து "அணில்" என்கிறதே தவிர அந்தச் சொல்லைப் படிப்பதில்லை. ணி என்ற எழுத்தும் ல் என்ற எழுத்தும் அதற்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு உயிரையும் முடித்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்க நாலு சொல் தேறாது. இம்முறையிலோ எழுதுவதற்கு எளிய ட, ப, ம போன்ற எழுத்துகளிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்றே எழுத்தில் 'படபட', 'மடமட' வந்துவிட்டது. புள்ளி வைக்கத் தெரிந்ததும் படம், மடம், பட்டம், மட்டம். ர சேர்ந்தால் மரம், பம்பரம், ரம்பம். க சேர்ந்தால் பக்கம், கட்டம். ஐந்தாவது எழுத்திலேயே பிள்ளை ஒரு வரியைத் தானாகப் படித்துவிடுகிறது. 'எனக்குப் படிக்க வரும்' என்ற நினைப்பு முதல் மாதத்திலேயே வருவதற்கும் மூன்றாம் வகுப்பில் வருவதற்கும் உள்ள வித்தியாசம், பிள்ளை பள்ளியில் தங்குமா தங்காதா என்பதையே தீர்மானிக்கக்கூடியது.

கணக்கிலும் இப்படித்தான். 32இலிருந்து 15ஐக் கழிக்க வேண்டும். "ரெண்டுல அஞ்சு போகாது, பக்கத்து வீட்ல கடன் வாங்கு" என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை! ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்துப் பாருங்கள். மூன்று கட்டும் இரண்டு உதிரியும் 32. ஐந்து குச்சி கொடு என்றால் உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்க்கும். உதிரி பன்னிரண்டாகும், ஐந்து போனால் ஏழு. மீதியுள்ள இரண்டு கட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பதினேழு. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. ஈர்க்குச்சி, புளியங்கொட்டை, ஆணிமணிச்சட்டம் இவையெல்லாம் வேடிக்கைக்காக வைத்தவை அல்ல. பத்து என்பது ஒரு கட்டு என்ற எண்ணம் கைவழியாகத்தான் ஏறுகிறது.

சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் கரும்பலகையாக்கி, பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுப்பதும், எழுதியதையும் வரைந்ததையும் தலைக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிடுவதும் இம்முறையைப் பின்பற்றிய வகுப்பறைகளின் அடையாளங்கள். ரிஷிவேலிப் பள்ளிகளின் 'மெட்ரிக் மேளா' இன்னும் சுவையானது. அன்றைக்கு ஊரே பள்ளிக்கு வரும். பிள்ளைகள் தராசு வைத்து எடை போடுவார்கள், பெரியவர்களின் உயரத்தை அளப்பார்கள், கடை போட்டுச் சில்லறை எண்ணித் தருவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்தே இராத ஒரு தாய், தன் மகள் தராசைப் பிடித்து "முக்கால் கிலோ" என்று சொல்வதை அங்கே நேரில் பார்க்கிறாள். முன்னேற்ற அட்டையில் கைநாட்டு வைப்பதைவிட இது அவளுக்கு எத்தனையோ மேல்.

ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்த ஆசிரியர்கள் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டாரத்தில் 1995இல் இதைக் கன்னடத்தில் தொடங்கினார்கள். பெயர் 'நலி கலி'. ஆடிப்பாடிக் கற்றுக்கொள் என்று பொருள் கொள்ளலாம். 2009-10இல் அது கர்நாடகம் முழுவதற்கும் போனது. தமிழ்நாட்டில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியால் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தொடங்கி, 2007-08இல் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊருக்குப் போகும்போது தங்கை பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

ஒரு பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து பள்ளிக்கென்று செய்ததை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனால் என்ன ஆகும்? நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிரம்பு பின்னுக்குப் போனது. குழந்தைகள் வாய் திறந்து பேசினார்கள். இவை சாதாரண மாற்றங்கள் அல்ல. மறுபுறம், கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை வரவில்லை என்று பல ஊர்களில் புலம்பல். "ஏன் சார், புத்தகமே கெடையாதா? வீட்டுப்பாடமும் கெடையாதா? அப்ப என்னத்தப் படிக்குது புள்ள?" என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லாமல் போனதால் பலர் தனியார் ஆங்கிலப் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டார்கள். சில இடங்களில் ஆசிரியர் அட்டைகளுக்குக் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டார். பிள்ளை அட்டையை எடுக்கும், நிரப்பும், வைக்கும். பேச்சே நடக்காது. என் கருத்தில் இம்முறையின் பெரிய பலவீனம் இதுதான். அட்டை ஆசிரியருக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தரும். மிச்சமான நேரத்தில் அவர் அந்த ஐந்தாறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசாவிட்டால் பழைய 'பார்த்து எழுது'தான் வண்ண அட்டையில் வந்து நிற்கும்.

இப்போது தமிழ்நாட்டில் அந்த அட்டை ஏணி அப்படியே இல்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததில் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல் கொடுத்தார்கள். ஏணி போனாலும் ஏணியின் நியாயம் போகவில்லை.

இதற்கிடையே சின்னப் பள்ளிகளை மூடிவிட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற குரலும் பலமாகக் கேட்கிறது. ராஜஸ்தானில் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை இப்படி இணைத்தார்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், விளையாட்டுத் திடல் கிடைக்கும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதுப் பெண் குழந்தை நெடுஞ்சாலையைக் கடந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து போகுமா? மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டுமா? இதைத் தீர்மானிப்பவர்கள் கோப்பில் மாணவர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா ஓடையைப் பார்க்கிறாள்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நம் சங்கங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பு ஓர் அசல் ஓராசிரியர் பள்ளிதான். ஆறு வயதுப் பொடியனும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஒரே அறையில். ஒருவருக்கு வீட்டில் தமிழ் உண்டு, இன்னொருவருக்குப் பாட்டியோடு போன் பேசும்போது மட்டும். சொல்லித்தருபவர் அலுவலகம், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவே வரும் ஒரு அக்கா. யாராவது ஒருவருக்குப் பரீட்சை, யாராவது ஊருக்குப் போயிருப்பார்கள். வாராவாரம் மறுபடியும் அ, ஆவிலிருந்து தொடங்கி, ஒருபோதும் மெய்யெழுத்தைத் தாண்டாத வகுப்புகள் எத்தனை!

செலவு ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். ட, ப, ம மூன்றுக்கும் ஆளுக்கு ஓர் அட்டை, சொற்களுக்கு ஆறு அட்டை, 'படம் – பட்டம்' வித்தியாசம் காட்ட இரண்டு, கடைசியில் தானே படித்துக்காட்ட ஓர் அட்டை; ஆகப் பன்னிரண்டு. அதற்கடுத்த பன்னிரண்டு ர, கவுக்கு. ஒவ்வொன்றிலும் ஓர் எண், மூலையில் ஒரு கிளியோ முயலோ. சுவரில் ஒரு தாளில் ஏணியை வரைந்து பிள்ளைகளின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால், போன வாரம் வராத பையனும் கதவைத் திறந்து நேரே தன் அட்டையிடம் போய்விடுவான். பதின்மூன்று வயதுப் பெண் முதல் ஏணியை நாலு வாரத்தில் ஏறி முடித்துவிடுவாள். பிறகு அந்தப் பொடியனுக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை.